மூன்றாவது வளைவில் காய்ந்த மண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும். ராத்திரியில் ஜன்னல் தானாக அடித்துக்கொண்டால், எழுந்து போய்க் கொக்கி கழன்றிருக்கிறதா என்று பார்க்கிற ஆள் நான். அதனால் இதை ஜோடித்துச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். நடந்தது என் அக்கா வீட்டுக்காரருக்கு. பாதியை அவர் வாயால் கேட்டேன். மீதியை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். எவன் வேண்டுமானாலும் என் எதிரே வந்து உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம், ஒரு வார்த்தை மாறாது.

அத்தான் மண் ரேஸ் டிராக்கில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். நான் அதே டிராக்கில் கிரேடர் ஓட்டுகிறேன். ரோடு போடுகிற இடத்தில் பார்த்திருப்பீர்கள், வயிற்றுக்கு அடியில் நீளமாக ஒரு இரும்புத் தகடு தொங்கும், மண்ணை வழித்துக்கொண்டே போகுமே, அந்த வண்டி.

சனிக்கிழமை சாயங்காலம் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்கள். வளைவில் கார்கள் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகும்போது தொண்டை கிழியக் கத்துவார்கள். சக்கரத்துக்கு அடியில் இருக்கிற மண்ணைப் பற்றி ஒருத்தராவது யோசிப்பார்களா? அது சும்மா கிடக்கிற மண் இல்லை சாமி. செவ்வாய்க்கிழமையே ஆரம்பித்துவிடுவோம். போன வாரம் ஓடி ஓடிக் கல்லாக இறுகிப்போன களிமண்ணை இரும்புப் பல்லால் கீறிக் கிளற வேண்டும். தண்ணீர் விட வேண்டும். ஊறவிட வேண்டும். மறுபடி கிளறல், மறுபடி தண்ணீர். அப்புறம் நான் வழித்துச் சமன் செய்வேன். ரோலர்காரர் மேலே ஏறி அமுக்குவார். ஈரம் குறைந்தால் புழுதி கிளம்பி முன்னால் போகிற கார் கண்ணுக்குத் தெரியாது. ஈரம் கூடினால் சக்கரம் மண்ணைத் தோண்டிக் குழி போட்டுவிடும். மாவு பிசைகிற பதம்தான், ஒரு கை தண்ணீர் கூடினாலும் போச்சு. அந்தப் பதம் தெரிந்தவர் என்பதால் அத்தானுக்கு டிராக்கில் 'மேகம்' என்று பேர். முதலாளியே போன் செய்து, "மேகம் கிளம்பிடுச்சா?" என்றுதான் கேட்பார்.

அந்த வாரம் மேகம் ஒரு நிலையில் இல்லை. காரணம் பாப்பா.

பாப்பா என்றதும் கைக்குழந்தை என்று நினைக்காதீர்கள். அக்காவின் ஒரே மகள், இருபத்திரண்டு வயது. எங்கேயோ அடிபட்டுக் கிடந்த ஒரு பழைய காரை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டு, உருண்டாலும் நசுங்காதபடி உள்ளே கம்பிக்கூடு வைத்துத் தானே வெல்டிங் அடித்து ரேஸ் காராக்கிவிட்டாள். அந்தச் சனிக்கிழமை அவளுக்கு முதல் ரேஸ். அக்கா அத்தானிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. கடைசியில் வெள்ளிக்கிழமை ராத்திரி, சாப்பாட்டுத் தட்டை நங்கென்று அவர் முன்னால் வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"கார் அவ பொறுப்பு. மண்ணு என் பொறுப்பு," என்றார் அத்தான். "மண்ணால அவளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆக விடமாட்டேன்."

சொல்லிவிட்டாரே தவிர, மனிதர் அன்றைக்குப் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை.

ரேஸ் அன்று கடைசித் தண்ணீரை விடியும் முன்பே விட்டுவிட வேண்டும். காற்று இருக்காது, வெயில் இருக்காது, விட்ட தண்ணீர் நேராக மண்ணுக்குள் இறங்கும். இது எப்போதும் அத்தான் தனியாகச் செய்கிற வேலை. நாங்களெல்லாம் ஆறு மணிக்குத்தான் போவோம். அன்றைக்கு அவர் கேட்டைத் திறந்து உள்ளே போனபோது மணி நாலு பத்து.

எங்களுடையது பழைய மஞ்சள் டேங்கர். ஆறு சக்கரம். பின்னால் குறுக்கே ஒரு பைப், பைப் முழுக்க ஓட்டை. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கம்பியை இழுத்தால் பின்னால் 'ஷ்ஷ்ஷ்' என்று தண்ணீர் விசிறும். டிராக் உள்பக்கமாகச் சரிந்திருக்கும். கீழே உள் ஓரம் ஒரு சுற்று, நடுவில் ஒரு சுற்று, மேலே வெளிச்சுவரை ஒட்டி ஒரு சுற்று. பக்கத்துக் குட்டையில் பம்ப் வைத்து மறுபடி ரொப்பிக்கொண்டு வந்து இன்னொரு நடை.

முதல் லோடு முடிந்ததும் வழக்கம்போல ஸ்டார்ட்டிங் கோட்டில் லாரியை நிறுத்தி, ஹெட்லைட்டைத் தாழ்த்திப் பார்த்தார். ஈரம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. தரையோடு தரையாக வெளிச்சம் போகும்போது நனைந்த களிமண் மினுங்கும். காய்ந்த இடம் செத்துப்போய்த் தெரியும்.

முழு டிராக்கும் மினுங்கியது. மூன்றாவது வளைவில், கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு துண்டு மினுங்கவில்லை.

பைப்பில் ஏதோ ஓட்டை அடைத்துக்கொண்டது என்று நினைத்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தே போனார்.

ஓட்டை அடைத்திருந்தால் கோடு கோடாகத்தான் காயும். இது அப்படி இல்லை. கட்டம் போட்ட மாதிரி நாலு பக்கமும் நேராக, விளிம்பு சுத்தமாக, ஒரு செவ்வகம். ஒரு லாரியை நிறுத்தி வைத்திருந்து, மழை பெய்து, அப்புறம் லாரியை எடுத்தால் அடியில் காய்ந்த மண் எப்படி இருக்கும்? அப்படி.

"எந்தப் பய வண்டியை இங்க போட்டுட்டுப் போனான்?" என்று வாய்விட்டே திட்டினாராம். தண்ணீர் விடுகிற நேரத்தில் டிராக்குக்குள் எந்த வண்டியும் நிற்கக் கூடாது, அது எங்களிடம் கண்டிப்பு. திட்டி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அங்கே வண்டி நின்றிருந்தால் இவர் லாரி போய் அதன்மேல் மோதியிருக்க வேண்டுமே? இப்போதுதானே அந்த இடத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார்?

குனிந்து பார்த்தார்.

அவர் லாரியின் டயர்த் தடம் ஈர மண்ணில் அழகாகப் பதிந்திருந்தது. அது நேராக வந்து அந்தக் காய்ந்த இடத்தின் விளிம்பில் நின்றது. அந்தப் பக்க விளிம்பில் மறுபடி ஆரம்பித்துப் போனது. நடுவில் ஒரு கீறல்கூட இல்லை.

நானாக இருந்தால் அங்கேயே டார்ச்சைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். அத்தான், "தூக்கம் இல்லேன்னா இப்படித்தான்" என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். இரண்டாவது லோடு ரொப்பி வந்தார். அந்த வளைவுக்கு வந்ததும் கம்பியை முழுசாக இழுத்து, அந்த இடத்தில் மெதுவாக, மிக மெதுவாக ஊர்ந்து போனார். கண்ணாடியில் பார்த்தார். தண்ணீர் விசிறி விழுவது நன்றாகத் தெரிந்தது.

மறுபடி இறங்கிப் போனார். மணி நாலு ஐம்பது.

காய்ந்துதான் இருந்தது.

உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அந்த நேரத்துக்கு மண் ஜில்லென்று இருக்க வேண்டும். இது வெதுவெதுப்பாக இருந்தது. ரொம்ப நேரம் ஓடிய எஞ்சின் நின்ற இடத்துச் சூடு. டீசல் வாடை. அவருடைய லாரி அந்தக் கடைசியில் நிற்கிறது, இவ்வளவு தூரம் வாடை வராது.

நேராக லாரிக்குப் போனார். எஞ்சினை அணைத்தார். தண்ணீர்க் கம்பியை உள்ளே தள்ளினார்.

'ஷ்ஷ்ஷ்' என்ற சத்தம் நிற்கவில்லை.

கம்பியை மறுபடி அழுத்தித் தள்ளினார். இறங்கிப் பின்னால் ஓடிப் பார்த்தார். பைப்பிலிருந்து ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

'ஷ்ஷ்ஷ்...'

மூன்றாவது வளைவிலிருந்து வந்தது.

அப்புறம் அது நின்றது. இரும்பின்மேல் ஸ்பேனர் விழுகிற மாதிரி 'டங்' என்று ஒரு சத்தம். அதுவும் அங்கிருந்துதான்.

"யாருப்பா அது?"

டார்ச்சை அந்தப் பக்கம் அடித்தார். வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

ஓடிவந்திருக்கலாம். கேட் திறந்துதான் கிடந்தது. என்னை எழுப்பியிருக்கலாம், ரோலர்காரரை எழுப்பியிருக்கலாம். ஏன் வரவில்லை என்று பிற்பாடு கேட்டேன். "சாயங்காலம் அந்த மண்ணுமேல என் பொண்ணு வர்றா, மச்சான்" என்றார். ஈரத்தில் வேகமாக வருகிற கார் சட்டென்று காய்ந்த மண்ணைத் தொட்டால் எப்படித் தூக்கி எறியும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தத் துண்டை அப்படியே விட்டுவிட்டு வர அவரால் முடியவில்லை.

டேங்கரை வளைவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பக்கவாட்டில் இருக்கிற ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு போனார். ஒரு கையில் ஹோஸ். ஒரு கையில் டார்ச்.

இப்போது இரண்டு இடம் காய்ந்திருந்தது.

ஒன்று அந்தப் பெரிய செவ்வகம். இன்னொன்று அதற்குப் பின்னால், சின்னதாக.

வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

தலை. தோள். நீட்டிய ஒரு கை. இரண்டு கால்.

லாரிக்குப் பின்னால் ஒரு ஆள் படுத்திருந்தால் அடியில் எப்படிக் காய்ந்திருக்கும்... அப்படி.

அவர் கை தானாக ஹோஸைத் திருப்பியது. தண்ணீர் சீறிக்கொண்டு போனது.

மண்ணில் விழவில்லை.

தரைக்கு ஒரு சாண் மேலே... காற்றில் பட்டு உடைந்தது. இரண்டு பக்கமும் வழிந்தது.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. மண்ணில் தண்ணீர் விழுகிற சத்தம் அவருக்குத் தெரியாதா? இது துணியில் விழுகிற சத்தம்.

தொப்... தொப்... தொப்...

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

ஹோஸைப் போட்டுவிட்டு ஓடினார்.

லாரியில் ஏறினார். கதவை அடித்துச் சாத்தினார். ரிவர்ஸ் போட்டார். அந்த இடத்துக்கு நேரே பின்பக்கத்தைக் கொண்டுவந்து, கம்பியை இழுத்துப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மிச்சத் தண்ணீர் முழுக்க அங்கேயே போனது.

நான் ஆறு மணிக்குப் போனபோது அத்தான் லாரி பம்பர்மேல் உட்கார்ந்திருந்தார். வாயில் பற்ற வைக்காத சிகரெட். மனிதர் புகை பிடிக்கிற பழக்கத்தை விட்டு எத்தனையோ காலம் ஆகிறது. மூன்றாவது வளைவின் கீழ் ஓரம் சேறும் சகதியுமாகக் கிடந்தது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன அத்தான் இது? ஒரு லோடையும் ஒரே இடத்துலயா கொட்டுவீங்க? நாத்து நடப் போறீங்களா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். நான் சிரித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா, நன்றாகவே சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே அந்தச் சேற்றின் ஓரமாக நடந்தபோது, தண்ணீர் அடித்துப் போகாத ஒரு மூலையில் ஒரு டயர்த் தடத்தைப் பார்த்தேன். எங்கள் டேங்கருக்குப் பின்னால் ஒரு அச்சு. இது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அச்சு, எல்லாம் ஜோடிச் சக்கரம். பத்துச் சக்கர வண்டி. ஒரு ஆள் நீளத்துக்குத்தான் இருந்தது அந்தத் தடம். எங்கிருந்தும் வரவில்லை. எங்கேயும் போகவில்லை. பத்துச் சக்கர வண்டி எதுவும் எங்கள் டிராக்குக்குள் வந்ததே கிடையாது. என் சிரிப்பு அதோடு சரி.

பேய் கிடக்கட்டும், அதைவிடப் பெரிய கவலை வந்துவிட்டது எங்களுக்கு. காய்ந்த துண்டு இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து ஊறவிட வேண்டும், அதுதான் முறை. பயத்தில் ஒரு லோடைக் கொட்டியதில் அடி மண் வரைக்கும் கூழாகிவிட்டது. பகல் பூராவும் அடித்துக்கொண்டோம். நான் சேற்றை வழித்து வெளியே தள்ளினேன். காய்ந்த களிமண்ணைக் கொண்டுவந்து கலந்தோம். ரோலர்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஏறி ஏறி இறங்கினார். வெயிலும் கைகொடுத்தது. நாலு மணிக்கு மேலாகப் பார்த்தால் மற்ற இடம் மாதிரியே பளபளவென்று இருந்தது. அத்தான் குதிகாலை வைத்து அழுத்திப் பார்த்தார். மேலே கெட்டி. உள்ளே, பாலேடு மாதிரி லேசாக ஆடியது.

முதலாளியிடம் போனார். "இன்னைக்கு வேணாங்க. மூணாவது வளைவு தாங்காது."

"விளையாடறியா மேகம்? ஜனம் வாசல்ல நிக்குது. மண்ணுன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், போ போ."

பாப்பாவிடம் போனார். அவள் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, மூணாவது வளைவுல கீழ் ஓரம் பிடிக்காத. மேல போ."

"கீழதானேப்பா கிட்டம்? மேல போனா எல்லாரும் என்னைத் தாண்டிடுவாங்க."

"அப்பா சொல்றேன்ல?"

"சரி சரி, பார்த்துக்கறேன்."

அந்த 'சரி சரி'க்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். கொடி ஆடியதும் அப்பாவாவது அம்மாவாவது.

விளக்கெல்லாம் போட்டார்கள். ரேஸ் ஆரம்பித்தது. அத்தான் கம்பி வேலி ஓரமாக, என் பக்கத்தில்தான் நின்றார். இதை நன்றாகக் கவனியுங்கள், என் பக்கத்தில்தான். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். ரத்தம் கட்டிப்போன அந்தத் தடம் அப்புறம் கொஞ்ச நாள் இருந்தது.

பாப்பா என்னமாய் ஓட்டினாள் என்கிறீர்கள்! ஆனால் நாங்கள் பயந்தபடியே ஒவ்வொரு சுற்றும் கீழ் ஓரம்தான். அவள் அந்த வளைவுக்கு வரும்போதெல்லாம் என் மணிக்கட்டு நொறுங்கியது. மேல் மண் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருத்துக்கொண்டே வந்தது. உள்ளே இருந்த தண்ணீர் மேலே வருகிறது.

"போச்சு மச்சான்," என்றார் அத்தான். "இந்தச் சுத்துல உடையும்."

பாப்பா வந்தாள். முழு வேகம். கீழ் ஓரம். நேராக அந்த இடத்துக்கு...

திடீரென்று காரை மேலே வெட்டித் திருப்பினாள். எதிரே ஒன்றுமே இல்லை. வெறும் மண். எதன்மேலோ மோதாமல் தப்பிக்கிற மாதிரி, சுவர் வரைக்கும் ஏறி, சுவரை உரசிக்கொண்டு போனாள்.

அவளுக்குப் பின்னால் வந்த கார் கீழேயே வந்தது. அதன் முன் சக்கரம் மண்ணுக்குள் போனது. கார் இரண்டு முறை உருண்டது.

சிவப்புக் கொடி. எல்லோரும் ஓடினோம். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான், தோள்பட்டை எலும்பு உடைந்ததோடு சரி. முழங்கால் ஆழத்துக்குக் குழி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பாப்பாவின் வேகத்துக்கு அவள் அதில் இறங்கியிருந்தால்... வேண்டாம், அதை என் வாயால் சொல்ல மாட்டேன்.

பாப்பா காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றி வீசினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். நேராக அத்தான் முன்னால் வந்து நின்று கத்தினாள்.

"உங்களுக்கு அறிவிருக்காப்பா? ரேஸ் ஓடிட்டிருக்கு, டேங்கரைக் கொண்டுவந்து டிராக்ல நிறுத்தறீங்க?"

நான்தான் சொன்னேன்.

"பாப்பா, அப்பா இங்க என்கூடத்தான் நின்னுட்டிருந்தார்."

"பொய் சொல்லாதீங்க மாமா. நான் பார்த்தேன். லாரிக்குப் பின்னால குனிஞ்சு பைப்பை நோண்டிட்டிருந்தார். நான் வர்ற சத்தம் கேட்டு நிமிர்ந்தார். கையை ஆட்டினார், மேல போ மேல போன்னு. தலையிலேர்ந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தார்..."

பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அத்தானின் சட்டையைப் பார்த்தாள். அதில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"நம்ம டேங்கர் அதோ நிக்குது பாரு," என்றேன். வெளி கேட்டுக்கு அந்தப் பக்கம், பூட்டிய மஞ்சள் லாரி.

பாப்பா அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"இது இல்ல மாமா," என்றாள் மெதுவாக. "அது நீலம். பெருசு."

அன்று ராத்திரி அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் மட்டும் விடவில்லை. அந்த வளைவில் செத்துப்போனவன் யார், எப்போது, எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தேன். டிராக் போட்ட நாளிலிருந்து இருக்கிற வாட்ச்மேனைக் கேட்டேன். ஆம்புலன்ஸ் டிரைவரைக் கேட்டேன். மண் கொண்டுவந்து கொட்டிய லாரிக்காரர்களைக்கூடத் தேடிப் பிடித்துக் கேட்டேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்.

யாரும் இல்லை. கை உடைந்திருக்கிறது, கால் உடைந்திருக்கிறது. உயிர்ச்சேதம் என்று ஒன்று அந்த டிராக்கில் இதுவரைக்கும் நடந்ததே இல்லை.

கேட்டதும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு 'இதுவரைக்கும்' என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் காதிலேயே நின்றுவிட்டது.

இரண்டு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை காலை நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது முதலாளி வெளியே ஹாரன் அடித்தார். போய்ப் பார்த்தோம். எங்கேயோ ஏலத்தில் எடுத்தாராம். டேங்கர் லாரி. பத்துச் சக்கரம்.

நீலம்.

"என்ன மேகம், முகம் இப்படிப் போகுது? மஞ்சளை வித்தாச்சு. இனிமே உனக்கு இதுதான், ராஜா வண்டி," என்று சாவியை நீட்டினார்.

நான் அத்தானைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"வேணாம் அத்தான். அந்தச் சாவியைத் தொடாதீங்க. நாம வேற வேலை பார்த்துக்கலாம். நான் இருக்கேன்."

அவர் அந்த நீல லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஏறலேன்னு வெச்சுக்கோ மச்சான்," என்றார். "அப்ப அன்னைக்கு பாப்பாவுக்குக் கை காட்டினது யாரு?"

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதைவிட, புரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை.

"அது நான்தான். இந்த வண்டியில வந்த நான். இப்ப நான் பயந்து ஓடிட்டா, அங்க யாரும் நின்னிருக்க மாட்டாங்க. அவ மேல ஏறியிருக்க மாட்டா. குழியில போயிருப்பா."

"ஐயோ, அது நடந்து முடிஞ்சுபோச்சு அத்தான்! அவ நல்லாத்தானே இருக்கா? இன்னைக்குக் காலைல உங்ககூடத்தானே சாப்பிட்டா?"

"சாப்பிட்டா. நாளைக்கும் சாப்பிடணும்ல?"

"அந்தக் காய்ஞ்ச மண்ணுல ஒரு ஆள் படுத்திருந்த மாதிரி இருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்," என்றார். போய்ச் சாவியை வாங்கிக்கொண்டார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அத்தான் இன்றைக்கும் அந்த நீல டேங்கரில்தான் தண்ணீர் விடுகிறார். பாப்பா இன்றைக்கும் ஓட்டுகிறாள். வீட்டில் கோப்பை வைக்க இடமில்லை. அக்காவே இப்போதெல்லாம் வேலி ஓரம் வந்து நின்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துகிறாள். அவளுக்கு இதில் ஒரு வார்த்தையும் தெரியாது.

ஏலத்தில் எடுத்த பழைய வண்டி, பைப் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. மூன்றாவது வளைவில் அடைத்துக்கொண்டால் நான் கிரேடரை எங்கே இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவேன். அவர் இறங்கிப் பின்னால் போய்க் குனிவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அடைப்பை எடுத்ததும் அவர் உடனே லாரியில் ஏறுவதில்லை. நிமிர்ந்து நிற்பார். ஒரு காரும் இல்லாத வெறும் டிராக்கைப் பார்த்து, மேலே போ, மேலே போ என்று கையை ஆட்டுவார்.

ஒவ்வொரு தடவையும் ஆட்டுவார். எந்தத் தடவை ஆட்டியதைப் பாப்பா பார்த்தாள் என்று அவருக்குத் தெரியாதே.